பீரோவைத் திறப்பது யார்?

பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இன்று புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலகத்துக்கென்றே ஆண்டு மானியம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாயில் தொடங்கி, பெரிய பள்ளிக்கு 20,000 ரூபாய் வரை போகும். 2022 முதல் பள்ளிக் கல்வித் துறையே சிறார்களுக்கென்று ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களைக் கொண்டுவருகிறது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்ன நூல்களை அனுப்பியது. முன்னாள் மாணவர்கள் பிறந்தநாள், நினைவுநாள் என்று கொண்டுவந்து கொடுக்கும் கட்டுகள் தனி. இவ்வளவும் வந்து சேர்கிற இடம் ஒன்றுதான்: தலைமையாசிரியர் அறையின் மூலையில் நிற்கும் இரும்புப் பீரோ.

அந்தப் பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிள்ளையின் பைக்குள் சேர்ப்பது எப்படி என்பதைப் பற்றியது இந்த அத்தியாயம். வாசிப்பின் அருமை பெருமைகளைத் தலைமையாசிரியரான உங்களுக்கு நான் விளக்கப் போவதில்லை. ஆண்டுவிழா மேடையில் அதை நீங்களே பேசியிருப்பீர்கள். பேச்சுக்குக் குறைவில்லாத பள்ளியில் புத்தகம் ஏன் நகரவில்லை என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் சுருக்கமானது. புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதைத் தலைமையாசிரியர் வாய்திறந்து சொல்லாதவரை எந்தப் பள்ளி நூலகமும் நகராது.

தொலைந்தால் யார் கட்டுவது?

நூலகப் பொறுப்பு வழக்கமாகத் தமிழாசிரியர் தலையில் விழும். இல்லாவிட்டால் பள்ளிக்குப் புதிதாக வந்தவர் தலையில். பொறுப்பேற்கும்போது இருப்புப் பதிவேட்டில் ‘640 நூல்கள்’ என்று எழுதிய பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தணிக்கை வரும் நாளிலும் 640 இருந்தாக வேண்டும். குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ, மாறுதல் வாங்கிப் போகும்போது விடுவிப்பு ஆணையை நிறுத்தி வைப்பார்களோ என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் யார் இருந்தாலும் பீரோவைப் பூட்டத்தான் செய்வார்கள். ‘எல்லாம் பத்திரமா இருக்கு சார்’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் தலையாட்டிப் பாராட்டிய தலைமையாசிரியர்கள்தான் இந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட்டவர்கள்.

நிதி விதிகளை எழுதியவர்கள்கூட நம்மைவிடத் தாராளமாக இருந்திருக்கிறார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் நூலகப் புத்தகங்களைச் சரிபார்ப்பது பற்றி ஒரு விதி இருக்கிறது, 215ஆவது. ஓராண்டில் படிக்கக் கொடுத்த ஒவ்வோர் ஆயிரம் நூலுக்கும் ஐந்து நூல் இழப்பு என்பதை இயல்பானதாகக் கொள்ளலாம் என்கிறது அது. நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. மாநிலத் தணிக்கையாளர் முன்னால் இதை நீட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. ஆனால் அதன் கணக்கைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பள்ளியில் 120 பிள்ளைகள். வாரம் ஆளுக்கொரு புத்தகம், ஆண்டில் முப்பது வாரம். மொத்தம் 3,600 முறை புத்தகம் கை மாறுகிறது. இயல்பான இழப்பு 18. ஒரு சிறுவர் நூல் சராசரி 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 900 ரூபாய். 120 பிள்ளைகள் ஓராண்டு முழுக்கப் படித்ததற்கு இதுதான் செலவு. பீரோவைத் திறக்காத பள்ளிக்கு இந்தக் கணக்கில் ஒரு நூல்கூடத் தொலைய அனுமதியில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே ஆண்டின் முதல் வேலையை ஜூன் மாதமே செய்யுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடப் போகிறோம், சில கிழியும், சில தொலையும், அதற்காக எந்தப் பிள்ளையிடமும் பணம் வாங்க மாட்டோம், தொலைந்தவற்றை ஆண்டு இறுதியில் குழுவின் முன் வைத்துப் பதிவு செய்வோம் என்று நாலு வரி போதும். தொலைந்த நூலைப் பதிவேட்டிலிருந்து நீக்க அனுமதி தரவேண்டிய அலுவலர் யார், எந்தப் படிவம் என்பதை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். இழப்பு நடந்த பிறகு கேட்டால் அது விளக்கம். நடக்கும் முன்னால் கேட்டால் அது நடைமுறை. பிறகு சுற்றறிக்கைப் பதிவேட்டில் உங்கள் கையால் எழுதுங்கள்: நூல் இழப்பு குறித்த கேள்விகளுக்குத் தலைமையாசிரியரே பதில் சொல்வார். ஆசிரியர்கள் வரிசையாக அதன் கீழே கையெழுத்துப் போடும்போது பொறுப்பாசிரியரின் முகத்தைக் கவனியுங்கள்.

சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். முதல் விதியே நூல் இருப்பது பயன்பாட்டுக்காக என்பதுதான். ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்த காலத்தை நினைவூட்டித்தான் அந்த விதியை அவர் விளக்கத் தொடங்குகிறார். அதே 1931இல் மன்னார்குடி வட்டாரத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போயிருக்கிறது. வண்டிப் பாதையில், மழையில், வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஊர்களுக்கு. அந்த வண்டியை அனுப்பியவர்களுக்கு இருந்த துணிச்சல் ஓடு வேய்ந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் கொஞ்சம் இருக்கலாம்.

கொடுக்கல் வாங்கல்

தனி அறை வேண்டும், வட்ட மேசை வேண்டும், சுவரில் ஓவியம் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வகுப்பறைச் சுவரில் இரண்டு ஆணி, நடுவே நைலான் கயிறு, துணி காயப்போடும் கிளிப். முப்பது மெல்லிய நூல்கள் அட்டை தெரியத் தொங்கினால் அந்த வகுப்புக்கு ஒரு மாதத்துக்குப் போதும். அட்டை தெரிவது முக்கியம். பீரோவில் முதுகு காட்டி நிற்கும் 24 பக்க நூலுக்கு முதுகே கிடையாது. அதைப் பிள்ளை எப்படித் தேர்ந்தெடுக்கும்? மாதம் முடிந்ததும் நான்காம் வகுப்புக் கயிறு ஐந்துக்கும் ஐந்தின் கயிறு நான்குக்கும் மாறலாம்.

பதிவேட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். பெயர், நூல், எடுத்த தேதி, கொடுத்த தேதி. அதற்கு மேல் ஒரு கட்டம் போட்டால்கூட அது அலுவலக வேலையாகிவிடும். நூலகக் குழுவுக்கு வகுப்பின் முதல் மாணவியையே பொறுப்பாக்குவது நம் வழக்கம். அவளுக்கு ஏற்கெனவே பத்து வேலை. கடைசி பெஞ்சில் யாரோடும் பேசாமல் இருக்கும் பையனிடம் கயிற்றை ஒப்படைத்துப் பாருங்கள். புத்தகத்தை அடுக்க அட்டையைப் பார்க்க வேண்டும், அட்டையைப் பார்த்தால் பெயரைப் படிக்க வேண்டும்.

பத்து நிமிடம்

புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டோம். இனி நேரம். கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஒன்று இருக்கிறது. அது வெள்ளிக்கிழமை கடைசி மணியில் இருக்கும், காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்கு ஆசிரியர் அதைக் கேட்பார், நீங்கள் கொடுப்பீர்கள். அரையாண்டுக்கு அறிவியல் ஆசிரியர். ஜனவரிக்குப் பிறகு அந்தப் பாடவேளை தாளில் மட்டும் இருக்கும். தலைமையாசிரியர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை வைத்துத்தான் பள்ளியில் எது முக்கியம் என்று ஆசிரியர்கள் கணிக்கிறார்கள். சுவரில் எழுதிய வாசகத்தை வைத்து அல்ல.

வாரம் ஒரு பாடவேளையைவிட நாள்தோறும் பத்து நிமிடம் மேல் என்பது என் கருத்து. இதற்கு ஜப்பானில் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. சிபா மாவட்டத்தின் ஃபுனாபாஷி நகரில், பெண்களுக்கான ஒரு மேல்நிலைப் பள்ளியில் 1988இல் ஹயாஷி ஹிரோஷி என்ற ஆசிரியர் முதல் மணிக்கு முன்னால் பத்து நிமிட வாசிப்பைத் தொடங்கினார். நான்கே ஒப்பந்தங்கள்: எல்லோரும் படிப்பது, தினமும் படிப்பது, பிடித்த புத்தகத்தைப் படிப்பது, வெறுமனே படிப்பது. கடைசியாகச் சொன்னதுதான் உயிர்நாடி. அறிக்கை கிடையாது, சுருக்கம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ‘எல்லோரும்’ என்பதில் ஆசிரியரும் அடக்கம். பிள்ளைகள் படிக்கும்போது அவர் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு பள்ளியில் தொடங்கிய இந்தக் காலை வாசிப்பு பிறகு அந்த நாட்டின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. சிறார் வாசிப்பை ஊக்குவிக்க ஜப்பான் தனிச் சட்டம் இயற்றியது 2001இல், அதாவது பள்ளிகள் தாமாகவே செய்துகாட்டிப் பல ஆண்டுகள் கழித்து.

நம்மிடம் அந்தப் பத்து நிமிடம் எங்கே இருக்கிறது? தொடக்கப் பள்ளியில் காலை உணவு முடிந்து மணி அடிக்கும் வரை பிள்ளைகள் முற்றத்தில்தான் இருக்கிறார்கள். வயிறு நிறைந்த பிள்ளை, வேறு வேலை இல்லாத நேரம். இதைவிடத் தோதான பொழுது கிடைக்காது. விளையாட்டும் அப்போதுதான் நடக்கும் என்பதால் கட்டாயப்படுத்தாமல் கயிற்றை மட்டும் வெளியே கட்டி வைத்துப் பாருங்கள். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளையின் தொடக்கத்தில் பத்து நிமிடம் எடுக்கலாம். அந்த நேரத்தில் பாதி வகுப்பு தூக்கக் கலக்கத்தில் இருக்கும் என்று சொல்லும் ஆசிரியரிடம், அப்போது அவர் நடத்தும் பாடமும் அதே கலக்கத்தில்தான் போய்ச் சேருகிறது என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

காலைச் சந்தை மாதிரிப் பள்ளி முழுக்க ஒரே இரைச்சலாக இருக்கும் இடத்தில் பத்து நிமிட அமைதி முதல் இரண்டு வாரம் வராது. சிரிப்பார்கள், படத்தை மட்டும் புரட்டுவார்கள், ஒரே புத்தகத்துக்கு அடித்துக்கொள்வார்கள். உங்கள் அறையில் நீங்களும் அதே பத்து நிமிடம் தொலைபேசியை எடுக்காமல் ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. எமிஸ் பதிவேற்றம் பத்து நிமிடம் காத்திருக்கும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் எட்டாம் வகுப்பு

இங்கே ஒரு கசப்பைப் பேசியாக வேண்டும். மௌன வாசிப்பு என்பது படிக்கத் தெரிந்தவர்களுக்கானது. அமெரிக்காவில் 2000இல் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை இதைத் தெளிவாகவே சொன்னது: பிள்ளைகளைத் தாமாக மௌனமாகப் படிக்க விடுவதால் மட்டுமே சரளம் கூடிவிடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை, வாய்விட்டுப் படிக்கவைத்து, பக்கத்தில் இருப்பவர் திருத்திக் கொடுப்பதற்குச் சான்று இருக்கிறது. நம் நாட்டு நிலவரத்தை ‘அசர்’ கணக்கெடுப்பு 2005 முதல் சொல்லிவருகிறது. இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாட்டின் ஊரகப் பகுதிகளில் 2018இல் 27.3 விழுக்காடு; பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் 20.5; 2024இல் 27.1. இறங்கி ஏறிப் பழைய இடத்துக்கே வந்திருக்கிறது. மீதிப் பேர் அடுத்தடுத்த வகுப்புகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் பள்ளியில் அவர்கள் யார் என்று பெயரோடு உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு நிபுணர் தேவையில்லை. ஒரு காகிதத்தில் சில எழுத்துகள், சில எளிய சொற்கள், நாலு வரிப் பத்தி, பத்து வரிக் கதை. பிள்ளையைத் தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று படிக்கச் சொல்லாதீர்கள். படிக்கத் தெரியாததைப் பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்வது அங்கேதான். இந்த வேலையை ஆசிரியர்களிடம் விட்டுவிடாமல் ஒரு வகுப்பையாவது தலைமையாசிரியரே செய்வது நல்லது. பட்டியலில் 14 பேர் என்று படிப்பதும், மீசை அரும்பத் தொடங்கிய ஒருவன் ‘மரத்தடி’ என்ற சொல்லை மூன்று துண்டாக உடைத்துப் படிப்பதைப் பக்கத்திலிருந்து கேட்பதும் ஒன்றல்ல.

பிறகு என்ன செய்வது? அவனுக்கு ஏற்ற நூல் ‘நுழை’ வரிசையில் இருக்கிறது. ஆனால் பதின்மூன்று வயதுக்காரன் கையில் யானையும் எறும்பும் படம் போட்ட நூலைக் கொடுத்தால் அவன் வாங்க மாட்டான். வாங்கினாலும் பையில் ஒளித்துவைப்பான். பல பள்ளிகளில் நன்றாகப் பலன் தந்த ஓர் ஏற்பாடு உண்டு. வாரம் இரண்டு நாள், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பிக் கதை படித்துக் காட்டச் சொல்வது. உங்கள் வளாகத்தில் ஒன்றாம் வகுப்பு இல்லாவிட்டால் பக்கத்து அங்கன்வாடி இருக்கிறது. படித்துக் காட்டப் போகிறவன் முந்தைய நாள் அதே நூலைப் பலமுறை படித்துப் பழகியாக வேண்டும், ஆசிரியர் பக்கத்தில் இருந்து திருத்த வேண்டும். அவன் படிப்பது சின்னப் பிள்ளைக்காக. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் ‘அண்ணா, இன்னொரு தடவை’ என்று கேட்டால் அவன் மறுபடி படிப்பான். மறுபடி படிப்பதுதான் மருந்து. சரளமாகப் படிக்கிறவர்களையும் அதே குழுவில் சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் ‘படிக்கத் தெரியாதவங்க குரூப்’ என்ற பெயர் ஒரே வாரத்தில் வந்துவிடும்.

இதைத் தள்ளிப்போட முடியாது என்பதற்குக் காரணம் உண்டு. கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் 1986இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் காட்டியதுபோல, நன்றாகப் படிக்கிறவன் அதிகம் படிக்கிறான், அதிகம் படிப்பதால் இன்னும் நன்றாகப் படிக்கிறான். தடுமாறுகிறவன் தவிர்க்கிறான், தவிர்ப்பதால் இன்னும் பின்தங்குகிறான். ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி தானாகவே அகலும். ஆறாம் வகுப்பில் கவனிக்காமல் விட்டதைப் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பில் மீட்பதற்கு ஆகும் பாட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எதை வாங்குவது

மானியம் வந்ததும் பட்டியல் வரும், பட்டியலோடு சில நேரம் விற்பனையாளரும் வருவார். தலைவர்கள் வரலாறு, பொது அறிவு, நீதிக்கதை என்று கட்டுக்கட்டாக இருக்கும். நல்லவைதான். ஆனால் ஒரு நூலகம் முழுக்க அவையே இருந்தால் அங்கே பிள்ளைகள் வர மாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே பள்ளி நூலகத்தில் செய்தித்தாள், இதழ், எல்லாப் பாடங்கள் சார்ந்த நூல்களோடு கதைப் புத்தகமும் இருக்க வேண்டும் என்கிறது. கதைப் புத்தகம் என்று சட்டமே சொல்லியிருக்கும்போது நமக்கென்ன தயக்கம்?

இப்போது தமிழில் சிறார் நூல்களுக்கு நல்ல காலம். நேஷனல் புக் டிரஸ்ட் 1957 முதல் குறைந்த விலையில் தருகிறது. தூலிகாவின் படநூல்கள் இருக்கின்றன. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம் என்று சிறாருக்காகவே இயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் ஆகியோர் அண்மை ஆண்டுகளில் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய விருது பெற்றவர்கள். மூவரின் நூல்களும் பிள்ளைகள் விரும்பிக் கேட்கிற வகை. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். திறன் வகுப்பறைத் திரையில் காட்டியும் படிக்கலாம்.

தேர்வைப் பிள்ளைகளிடம் விடுவதற்கு வழி இருக்கிறது. இப்போது மாவட்டந்தோறும் புத்தகக் காட்சி நடக்கிறது. மானியத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கி, நூலகக் குழுப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை ஆசிரியரோடு அனுப்புங்கள். கொள்முதல் நடைமுறை அதற்கு இடம் தராவிட்டால் புரவலர் நன்கொடையில் செய்யுங்கள். அவர்கள் பேய்க்கதையும் காமிக்ஸும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸைக் கையிலெடுத்துத்தான் உங்களில் பலர் படிப்பாளிகளானீர்கள். ஜாதியையோ மதத்தையோ பெண்களையோ இழிவுபடுத்தும் நூலை மட்டும் நீங்கள் பார்த்து விலக்குங்கள்; அது உங்கள் வேலை. ‘தரமான இலக்கியமா’ என்ற கேள்வியைச் சில ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கலாம்.

கேட்கக் கூடாத கேள்வி

பிள்ளை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் நம் வாயிலிருந்து தானாக வரும்: ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ இந்த ஒரு கேள்வி அடுத்த புத்தகத்தின் சுவையைக் கெடுத்துவிடும். நல்ல கதையில் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வேண்டுமானால் ‘யாருக்கு இதைக் கொடுக்கலாம்?’ என்று கேளுங்கள். பிள்ளை யோசித்து ஒரு பெயர் சொல்லும். அந்தப் பெயரில் கதையைப் பற்றிய அதன் கருத்து முழுக்க அடங்கியிருக்கும்.

அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்ற போட்டியும் வேண்டாம். படிக்காமலே பதிவேட்டில் எண்ணிக்கை ஏற்றப் பிள்ளைகளுக்கு நாம் பயிற்சி கொடுத்ததாகிவிடும். எல்லோரும் எட்டுப் பக்க நூலாகத் தேடுவார்கள். தாமதமாக வந்தவனை நூலக அறையில் உட்காரவைப்பது, சேட்டை செய்தவளை இரண்டு பக்கம் பார்த்து எழுதச் சொல்வது, இவையும் கூடாது. பாதியில் பிடிக்காமல் போனால் மூடிவைக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு ஆசிரியர், 1992இல் வாசகனுக்கான பத்து உரிமைகளைப் பட்டியலிட்டபோது அதையும் ஒன்றாகச் சேர்த்தார். பெரியவர்கள் நாம் எத்தனை நூல்களைப் பாதியில் வைத்திருக்கிறோம்!

‘பாடப் புத்தகத்தை விட்டுட்டு…’

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து கேட்பார். ‘சார், பாடத்தைப் படிக்கச் சொன்னா கதை புக்கை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். இதுக்குத்தான் ஸ்கூலுக்கு அனுப்புறமா?’ நியாயமான கேள்வி. கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவர் கேட்கிறார். அறிவுரை சொல்லி அனுப்பாமல் அவருக்கு ஒரு கணக்கைச் சொல்லுங்கள். ‘பீசா’ என்ற பன்னாட்டுத் தேர்வு 2000இல் பல நாடுகளின் 15 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தது. இந்தியா அப்போது அதில் இல்லை. பெற்றோரின் வேலைநிலை மிகக் கீழே இருந்தும் வாசிப்பில் மிகுந்த ஈடுபாடு கொண்ட பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் 540. பெற்றோர் உயர்ந்த வேலையில் இருந்தும் வாசிப்பில் ஈடுபாடில்லாத பிள்ளைகளின் சராசரி 491. கதை படித்ததால்தான் மதிப்பெண் வந்தது என்று இதைவைத்து ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நன்றாகப் படிக்க வந்ததால் கதையும் பிடித்திருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். ஆனால் வீட்டின் வசதி மட்டுமே பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானித்துவிடுவதில்லை என்பதற்கு அந்தத் தந்தைக்கு இதைவிட நேரடியான பதில் என்னிடம் இல்லை. அவரிடமே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இரவில் பத்து நிமிடம் மகனை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க முடியுமா? கேட்பதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாட்டிகள் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். அவர்கள் கதையைத் திருத்தவும் செய்வார்கள்.

ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருந்தால் அந்த நூலகரோடு பழகுங்கள். நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் போட்ட ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. அந்த வரியைக் கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் உறுப்பினர்? ஆறாம் வகுப்பில் சேர்ந்த எல்லோருக்கும் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுப்பது ஒரு மதியத்தில் முடிகிற வேலை. வைப்புத்தொகையைப் புரவலர் யாராவது ஏற்றுக்கொள்வார்.

மாறுதலும் கோடை விடுமுறையும்

கலந்தாய்வில் உங்களுக்கு வேறு பள்ளி கிடைக்கும். புதிதாக வருகிறவர் முதல் வாரத்தில் பொருள்களைச் சரிபார்ப்பார், 640இல் 611 இருக்கும், அவர் பயந்துபோய் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுவார். இது நடக்காமலிருக்க, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலோடு மேலாண்மைக் குழுத் தீர்மானங்களின் நகலையும், ஆண்டுவாரியாக எத்தனை முறை நூல் கை மாறியது, எத்தனை தொலைந்தது என்ற ஒரு பக்கக் கணக்கையும் இணையுங்கள். தொலைந்த 29 மட்டும் தனியாகத் தெரிந்தால் அது குறை. ‘மூன்று ஆண்டில் ஒன்பதாயிரம் முறை கொடுத்தோம், 29 வரவில்லை’ என்று ஒரே வரியில் இருந்தால் புதியவருக்குப் பயம் வராது. நூலகக் குழுப் பிள்ளைகளை அவர் அறைக்கு அழைத்துப் போய் அறிமுகமும் செய்துவையுங்கள். அவர் பூட்ட நினைத்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

ஏப்ரலில் இன்னொரு வேலை. தேர்வு தொடங்கும் முன் எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கி எண்ணி அடுக்குவது வழக்கம். ஆண்டுச் சரிபார்ப்பை மார்ச் மாதமே முடித்துவிடுங்கள். பிறகு கடைசி வேலை நாளில், பள்ளியை விட்டுப் போகும் ஐந்தாம் வகுப்பையோ எட்டாம் வகுப்பையோ தவிர மற்ற எல்லோருக்கும் ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்புங்கள். ஒரே தெருப் பிள்ளைகளுக்கு வெவ்வேறு நூல்களாகப் பார்த்துக் கொடுத்தால் விடுமுறை முழுக்க அவர்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்வார்கள். தெருவுக்கு ஒரு பிள்ளையிடம் பதிவேட்டுத் தாள் இருக்கட்டும். ஜூனில் திரும்பி வரும்போது சிலவற்றில் மாம்பழக் கறை இருக்கும், சில பக்கங்கள் கழன்றிருக்கும். பசை, நூல், ஊசி, பழைய காலண்டர் அட்டை இவற்றைத் தயாராக வைத்து, பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு மதியத்தை ஒட்டுவதற்கும் தைப்பதற்கும் ஒதுக்குங்கள்.